பருப்பு வேகாத கிணறு

(தோட்டக் குடும்பங்கள் திருகோணமலை சாம்பல்தீவுக்கு வந்து, கிராமத்துத் தாய்மாரோடு சேர்ந்து ஒரே அடுப்பில் சமைத்த நாளில், ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியை ஒருவர் ஆற்றிய உரை. அன்று வர முடியாதுபோன குடும்பங்களுக்காக, பேசியது பேசியபடியே இங்கே தரப்படுகிறது.)



என்னைப் பதினொரு மணிக்குப் பேசச் சொன்னார்கள். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்றார்கள். இப்போது பன்னிரண்டு மணியாகிறது, பருப்பு இன்னும் வேகவில்லை. ஆகவே நான் கொஞ்சம் நீட்டிப் பேசினாலும் நீங்கள் கோபிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பருப்பு வெந்ததும் அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் கொடுங்கோ, நான் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்கிறேன்.

உண்மையைச் சொன்னால், நான் பேச நினைத்து வந்தது வேறு. அடுப்படியில் நடந்த சண்டையைக் கேட்ட பிறகு இதைத்தான் பேச வேண்டும் என்று தோன்றிவிட்டது. சண்டை என்றால் சண்டையில்லை. மலையிலிருந்து வந்த ஒரு அம்மா கிடாரத்தில் அகப்பையை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “என்னங்க இது, எங்க லயத்துல இந்நேரத்துக்கு ரெண்டு தடவ வெந்திருக்கும். நாங்க கொண்டாந்த தொவரம்பருப்பு தானே, அதே மூட்டை தானே?” அதற்கு எங்கள் ஊர் ஆச்சி ஒருவர் திரும்பிக்கூடப் பாராமல் சொன்னார்: “பருப்பில பிழையில்லைப் பிள்ளை. இது பருப்பு வேகாத கிணறு. கோயிலடிக் கிணத்துத் தண்ணி எடுக்கச் சொன்னனான், ஆர் கேட்டது?”

பருப்பு வேகாத கிணறு! பாருங்கோ, என்ன சொல்! நான் படித்த புத்தகங்களில் இதற்கு ‘வன்னீர்’ என்று பெயர். இந்தக் கடற்கரை மணலில் சிப்பியும் சங்கும் பொடிந்து கலந்து கிடக்கின்றன. மழைத் தண்ணீர் அதற்குள் ஊறி இறங்கும்போது சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வந்து சேருகிறது. பருப்பின் உடம்பு சின்னச் சின்னக் கலங்களால் ஆனது. அந்தக் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. பருப்பு வேகிறது என்றால் என்ன? அந்தப் பசை கரைந்து, கலங்கள் பிரிந்து, மசிகிறது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் அது பசையைப் பிடித்து இறுக்கிவிடும், கரைய விடாது. உங்கள் மலையில் ஓடிவரும் தண்ணீர் கருங்கல்லைத் தொட்டு வருகிறது. அந்தக் கல் இலேசில் கரையாது. அதனால் உங்கள் பீலித் தண்ணீர் மென்னீர். அதில் பருப்பு சுறுக்காக வேகும், சவர்க்காரம் நன்றாக நுரைக்கும், தேத்தண்ணி நல்ல நிறமாக வரும். இன்று காலை நாங்கள் ஊற்றித் தந்த தேத்தண்ணியைப் பார்த்து உங்களில் சிலர் முகத்தைச் சுளித்ததை நான் கண்டேன். மங்கலாக, மேலே ஆடை மாதிரிப் படர்ந்து கிடந்தது அல்லவா? நீங்கள் பறித்த கொழுந்தில் குற்றம் இல்லை. அதுவும் இந்தக் கிணறு செய்த வேலைதான்.

ஆச்சி பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரைக்கும். சுண்ணாம்புச் சத்து, பெக்டின் என்று ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஆனால் இந்த ஊரில் எந்தக் கிணறு வன்னீர், எது மென்னீர் என்று வீடு வீடாகச் சொல்லுவார். நான் அதை அறிய ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்து, பெட்டி கட்டி, ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, மூன்று கிழமை காத்திருக்க வேண்டும். வந்து சேரும் கடதாசியில் ஒரு எண் இருக்கும். ஆச்சியிடம் எண் இல்லை, பருப்பு இருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். ஒரு தங்கச்சி புளியைக் கரைத்து ஊற்றப் போனபோது மலையிலிருந்து வந்த அம்மாவும் எங்கள் ஆச்சியும் ஒரே நேரத்தில் கையைப் பிடித்துத் தடுத்தார்கள். “பருப்பு வேகாம புளிய ஊத்தாத!” “வெந்தாப் பிறகு விடு பிள்ளை!” ஒருவருக்கொருவர் வெகு தூரத்தில் இருக்கிற இரண்டு பேருக்கும் ஒரே விதி தெரிந்திருக்கிறது. புளிப்பும் அந்தப் பசையைக் கரைய விடாது. விஞ்ஞானமும் அதையேதான் சொல்கிறது.

அப்பச்சோடா போடலாமா என்று ஒருவர் கேட்டீர்கள். போட்டால் சுறுக்காக வெந்துவிடும். என் அம்மாவும் போட்டவதான். ஆனால் சோடா, பருப்பிலும் தானியத்திலும் இருக்கிற ஒரு முக்கியமான உயிர்ச்சத்தை அழித்துவிடும். அந்த உயிர்ச்சத்தின் கதை உங்கள் குடும்பக் கதை. அதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன், மறந்தால் நினைவூட்டுங்கோ. சோடாவை விட முதல் நாள் இரவே பருப்பை ஊறப் போடுவது நல்லது. மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதில் அவிக்கலாம்.

தண்ணீர்க் கதையை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2004 மார்கழி 26ஆம் திகதி கடல் இந்த வீதி தாண்டி வந்தது. அதைப் பற்றி இன்று நான் அதிகம் சொல்லப் போவதில்லை, இங்கே இருக்கிற பலருக்கு அது சொல்லக்கூடிய கதையில்லை. கிணறுகளை மட்டும் சொல்கிறேன். எல்லாக் கிணறும் உப்பாகிவிட்டது. உதவி செய்ய வந்தவர்கள் பெரிய பெரிய பம்புகளைக் கொண்டுவந்து கிணறுகளை இறைத்துத் தள்ளினார்கள். நல்ல மனதோடு செய்த வேலை. ஆனால் இறைக்க இறைக்கச் சில கிணறுகளில் உப்பு கூடியது. வெங்காயம் செய்த ஒரு பெரியவர் அப்போதே சொன்னார்: “உந்தப் பம்பை நிப்பாட்டுங்கோ. இந்த மணலில விடிய நாலு வாளி, பொழுதுபட நாலு வாளி. கூட இறைச்சா கடல் வரும்.” யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு கிழக்குக் கரையில் நிலத்தடி நீரை ஆராய்ந்தவர்கள் எழுதியதும் அதுதான். மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து கிடக்கிறது. ரசத்தின் மேல் எண்ணெய் மிதக்கிறதே, அது மாதிரி. நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது, அதனால் மேலே. மேலே இருப்பதைப் பலமாக உறிஞ்சினால் கீழே இருப்பது ஏறி வரும். ஆகவே அளவுக்கு மிஞ்சி இறைக்க வேண்டாம், மழை கழுவட்டும் என்றார்கள். முகாமில் பொதுச் சமையல் நடந்த நாட்களில், எந்தக் கிணறு தேறி வருகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் கஞ்சி காய்ச்சிய பெண்கள். உப்புப் போடாமல் காய்ச்சி ருசி பார்ப்பார்கள். “இண்டைக்கு அந்தக் கிணத்துக் கஞ்சி குடிக்கலாம்” என்று சொன்னால் சரியாக இருக்கும். பயிருக்கும் அதே கணக்குத்தான். போஞ்சியும் வெங்காயமும் கொஞ்ச உப்புக்கே சோர்ந்துவிடும். நெல் அவற்றை விடச் சற்றுத் தாங்கும். தென்னையும் பனையும் இன்னும் தாங்கும். எனவே கஞ்சிப் பானையில் கேட்ட செய்தி தோட்டத்துக்கும் உதவியது.

இப்போது என் வெட்கக்கேடு ஒன்றைச் சொல்கிறேன். சிரிக்க வேண்டாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு புது இன நெல்லை ஒரு கிராமத்தில் கொடுத்தேன். எந்த ஊர், எந்த நெல் என்று கேளாதேங்கோ. பழைய நெல்லைவிட நல்ல விளைச்சல். புசல் கணக்கை எழுதி மேலே அனுப்பி, நல்ல பெயரும் வாங்கினேன். அடுத்த பெரும்போகத்துக்குப் போய்ப் பார்த்தால் இரண்டு பேர் மட்டும் அதை விதைத்திருந்தார்கள், அதுவும் விற்பதற்கு. ஏன் என்று ஆண்களைக் கேட்டால், “நல்ல நெல்லுத்தான் டீச்சர்” என்று தலையைச் சொறிந்தார்கள். ஒரு வீட்டில் மத்தியானம் சாப்பிடச் சொன்னார்கள். விடியற்காலை ஆக்கி, ஓலைப் பெட்டியில் கட்டி, வயலுக்கு வந்த சோறு. வாயில் வைத்தேன். மணல் மாதிரி உதிர்ந்து, விறைத்துப் போய்க் கிடந்தது. வீட்டுக்காரி சொன்னா: “சுடச்சுடத் திண்டா நல்லாத்தான் இருக்கு. வயலுக்கு ஆர் சுடச்சுடக் கொண்டுவாறது? தண்ணி ஊத்தி வைச்சாலும் பழஞ்சோறு சேராது.”

நான் ஒரு வருடம் அந்த நெல்லின் உயரம் அளந்தேன், கதிர் எண்ணினேன், நோய் பார்த்தேன். ஒருநாள்கூட ஆக்கித் தின்று பார்க்கவில்லை!

இந்தப் பிழையை நான் மட்டும் விடவில்லை என்பது எனக்கு ஒரு சின்ன ஆறுதல். உலகப் புகழ் பெற்ற ஐ.ஆர். 8 நெல் 1966இல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்தது. விளைச்சலில் அதிசயம். ஆனால் அரிசி வெள்ளை விழுந்து உடையும், ஆறினால் சோறு விறைக்கும். அரிசி மாவில் அமிலோஸ் என்ற ஒரு பகுதி கூடுதலாக இருந்தால் அப்படித்தான் ஆகும். அதே நிலையம் 1985இல் ஐ.ஆர். 64 என்ற நெல்லை வெளியிட்டபோது சோற்றின் பதத்தையும் கவனித்திருந்தார்கள். அமிலோஸ் நடுத்தரமாக இருந்தது, மக்கள் விரும்பிச் சாப்பிட்டார்கள். 1990களில் இந்தியாவிலும் நேபாளத்திலும் சில ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். பல இன நெல்லை விவசாயிகளின் வயலிலேயே விதைக்கக் கொடுத்து, அறுவடைக்குப் பிறகு வீட்டுப் பெண்களிடம் சமைக்கச் சொல்லி, எது நல்லது என்று அவர்களையே தெரிவு செய்ய விட்டார்கள். இது பெரிய கண்டுபிடிப்பு மாதிரிக் கட்டுரைகளில் வந்தது. எங்கள் ஆச்சி கேட்டால், “அதுக்கு முதல் என்னெண்டு தெரிவு செய்தவை?” என்று கேட்பா.

தமிழ்நாட்டில் கொல்லிமலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே மலைவாழ் மக்கள் சாமை, தினை, கேழ்வரகு விதைத்து வந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவை குறைந்து, சவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி மலையெங்கும் பரவியது. டொக்டர் எம். எஸ். சுவாமிநாதன் தொடக்கிய ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் அங்கே வேலைக்குப் போனது. விதையும் விலையும் மட்டும் காரணமில்லை, சாமையின் உமியை நீக்குவது பெண்களுக்குப் பெரும் பாடு என்பதை அவர்கள் கண்டார்கள். அரை நாள் உலக்கை பிடித்தால்தான் ஒரு வேளைச் சாப்பாடு. ஊருக்குள் உமி நீக்கும் இயந்திரம் வந்தது, பெண்கள் குழுவாகச் சேர்ந்து சிறுதானிய மாவும் பலகாரமும் செய்து விற்கத் தொடங்கினார்கள். ஒரு தானியம் வயலில் ஏன் அழிகிறது என்பதற்கு விடை சில நேரம் உரலடியில் கிடக்கும்.

சோடாக் கதையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? நல்ல வேளை, நானே நினைத்துக்கொண்டேன்.

உங்கள் பாட்டன் பூட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாக நடந்து கண்டிச் சீமைக்கு வந்த காலத்தில், அவர்களுடைய சொந்தக்காரர்கள் பலர் கப்பலேறி மலாயாவுக்குப் போனார்கள். ரப்பர்த் தோட்டம், ரயில் பாதை என்று வேலை. அந்த மலாயாவில் பெரிபெரி என்று ஒரு நோய் இருந்தது. கால் வீங்கும், மரத்துப் போகும், நடக்க முடியாது, இருதயம் நின்று செத்துப் போவார்கள். தகரச் சுரங்கத்தில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதே நாட்டில், அதே வெயிலில், அதே வறுமையில் இருந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்த நோய் அருமையாகத்தான் வந்தது. ஏன்?

தமிழர் புழுங்கலரிசி சாப்பிட்டார்கள். சீனத் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசி. பிராடன் என்ற வைத்தியர் இந்த வித்தியாசத்தைக் கவனித்து 1907இல் ஒரு புத்தகமே எழுதினார். பிளெச்சர் என்ற இன்னொரு வைத்தியர் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் பாதிப் பேருக்குப் பச்சையரிசியும் பாதிப் பேருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சையரிசி சாப்பிட்டவர்களில் பலருக்கு நோய் வந்தது, சிலர் இறந்தும் போனார்கள். புழுங்கலரிசிப் பக்கம் நோய் ஏறக்குறைய இல்லை. பிறகு பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் வீதி வெட்டிய ஜாவாத் தொழிலாளர்களிடம் இதையே செய்தார்கள். நோய் வந்த கூட்டத்துக்கும் வராத கூட்டத்துக்கும் அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் மாறிப் போனது. 1909இல் அதை வெளியிட்டார்கள். அப்பாவி மனிதரை வைத்து இப்படிச் சோதிப்பது சரியா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இன்று அப்படிச் செய்ய விடமாட்டார்கள்.

இதற்கு முன்னமே ஜாவாவில் எய்க்மான் என்ற ஒல்லாந்து வைத்தியர் கோழிகள் வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கோழிகளுக்கும் பெரிபெரி மாதிரி ஒரு நோய் வந்தது. திடீரென்று ஒருநாள் மாறிவிட்டது. விசாரித்தால் காரணம் குசினியில் இருந்தது. முந்திய சமையல்காரர் ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிக்குப் போட்டிருக்கிறார். புதிதாக வந்தவர், “பட்டாளத்து அரிசியைக் கண்ட கோழிக்கும் போட முடியாது” என்று நிறுத்திவிட்டார். கோழிகள் தீட்டாத அரிசி தின்று பிழைத்தன! எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சமையல்காரருக்கு என்ன கிடைத்தது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

அரிசியின் தவிட்டில் இருக்கும் அந்த உயிர்ச்சத்துக்கு வைட்டமின் பி1 என்று பெயர். நெல்லை ஊறப் போட்டு, உமி வாய் பிளக்கும் வரை அவிக்கும்போது, தவிட்டில் இருக்கும் சத்து தண்ணீரோடு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. அவித்த அரிசி குத்தும்போது உடைவதும் குறைவு. எங்கள் ஊரில் நெல் அவிப்பது ஒரு வீட்டு வேலையாக இருந்ததில்லை. நாலு வீட்டு நெல், ஒரு கிடாரம், ஒரு முற்றம். இராத்திரி முழுக்கக் கதை. எப்போது இறக்குவது என்பதற்கு மணிக்கூடு கிடையாது. ஆவியின் மணத்தில் தெரியும். யாரும் உயிர்ச்சத்துக்காக அவிக்கவில்லை. புழு பிடிக்காது, உடையாது, வயிறு தாங்கும் என்று அவித்தார்கள். அந்தப் பழக்கம் கப்பலேறிப் போன இடத்தில் உயிரைக் காப்பாற்றியது, உலகத்துக்கு ஒரு விஞ்ஞானத்தையும் கொடுத்தது. கடையில் நாடு அரிசியா, பளபளவென்று தீட்டிய பச்சையரிசியா என்று நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கோ. அப்பச்சோடா அழிக்கிறது என்று சொன்ன சத்தும் இந்த பி1 தான்.

பழக்கம் எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. மரவள்ளிக் கிழங்கை எடுங்கோ. 2022இல் அரிசி, மா எல்லாம் விலையேறிக் கிடந்தபோது இந்த ஊரிலும் சரி, உங்கள் தோட்டத்திலும் சரி, பல வீடுகளில் அடுப்பை எரிய வைத்தது மரவள்ளிதான். மரவள்ளியோடு இஞ்சி சேரக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். நான் சொல்வது: இஞ்சியை விடுங்கோ, மூடியைக் கவனியுங்கோ. கிழங்கில், முக்கியமாகத் தோலில், சயனைட் என்ற நஞ்சாக மாறக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது. அந்த நஞ்சு சூட்டில் ஆவியாகப் போய்விடும், போக வழி விட்டால். ஆகவே தோலைத் தடிப்பாகச் சீவி, சின்னத் துண்டாக வெட்டி, நிறையத் தண்ணீரில், மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கிண்டிய கிழங்கை நாள் கணக்கில் வைத்திருக்கவும் கூடாது. கசந்தால் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். எங்கள் ஆச்சிமார் மூடாமல்தான் அவிப்பார்கள். விறகு மிச்சம் பிடிக்க மூடி போட்டது நாங்கள், படித்த ஆட்கள்.

உங்களுக்கு மிகவும் வேண்டிய விஷயம் இனித்தான் வருகிறது. 2016இல் நாடு முழுவதும் எடுத்த குடிசன, சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியில் நூற்றுக்கு 32 பேர். மூன்றில் ஒரு பிள்ளை என்று வையுங்கோ. இதற்குக் காரணம் தாய்மாரின் சமையல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சம்பளம், லயம், தண்ணீர், மலசலகூடம், வேலை நேரம் எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றைக் கேட்பதற்கு உங்களுக்கு வேறு இடங்கள் இருக்கின்றன, அங்கே கேளுங்கோ. நான் அடுப்படியில் நம்முடைய கையில் இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

இன்று நீங்கள் வல்லாரையும் மணத்தக்காளியும் மலையிலிருந்து கொண்டு வந்தீர்கள். நாங்கள் முருங்கையிலையும் பொன்னாங்காணியும் வைத்தோம். எந்தக் கீரை எந்த மாதத்தில் எங்கே முளைக்கும், எது பால் கொடுக்கிற தாய்க்கு, எது பிள்ளைக்கு என்று நீங்கள் ஆளுக்கு ஆள் சொன்னதை எழுதினால் ஒரு கொப்பி நிரம்பும். அதில் நான் சேர்க்க வேண்டியவை மூன்று நான்கு வரிதான். கீரையில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு இலேசில் எடுத்துக்கொள்ளாது. தேசிக்காய்ப் புளி விட்டால் எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் எடுத்துக்கொள்ளாது, தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். தேயிலை பறிக்கிறவர்களிடம் தேத்தண்ணி குடிக்காதே என்று சொல்ல வந்தவளைப் பாருங்கோ என்று நினைக்கிறீர்கள்! குடியுங்கோ, ஆனால் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் தருகிற இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கவே கூடாது. கீரையில் கொஞ்சம் தேங்காய்ப்பால் விடுகிற பழக்கத்தை விட்டுவிடாதேங்கோ. கண்ணுக்கு வேண்டிய சத்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் சேரும். மற்றது, மருந்து அடித்த மலையில் கீரை கிள்ள வேண்டாம். எந்த மலைக்கு என்றைக்கு அடித்தார்கள் என்பது கங்காணிக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இந்த ஊரின் பெயரிலேயே சாம்பல் இருக்கிறது. ஏன் அந்தப் பெயர் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அதை விடுவோம். உங்கள் அடுப்புச் சாம்பலை என்ன செய்கிறீர்கள்? தேயிலை புளிப்பு மண்ணில் வாழும் செடி. அந்த மண்ணில் போஞ்சியும் கோவாவும் அவ்வளவாகப் பிடிக்காது. அடுப்புச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் இருக்கிறது. மரக்கறிப் பாத்தியில் இலேசாகத் தூவினால் மண்ணின் புளிப்புக் குறையும். தேயிலைச் செடியின் தூரில் கொட்ட வேண்டாம், அதற்குப் புளிப்புத்தான் வேண்டும். சாணத்தோடும் யூரியாவோடும் சேர்த்துக் கலக்க வேண்டாம், நைதரசன் ஆவியாகப் பறந்துவிடும், மூக்கில் அடிக்கும். 2021இல் இரசாயனப் பசளையைச் சித்திரையில் ஒரே அறிவிப்பில் நிறுத்தி, கார்த்திகையில் திரும்ப விட்டார்களே, அந்த ஏழு மாதமும் சாம்பலும் சாணமும்தான் பல வீட்டுத் தோட்டங்களைப் பிடித்து வைத்தன. வயலுக்கும் தேயிலைக்கும் அது போதவில்லை என்பதும் உண்மை. விவசாயியையும் கேட்காமல், விஞ்ஞானியையும் கேட்காமல் எடுத்த முடிவுக்கு நாங்கள் எல்லோரும் விலை கொடுத்தோம்.

நீங்கள் ஊருக்குப் போனதும் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மாதம் ஒரு முறை, சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கோ, கோயில் முற்றத்திலோ பிள்ளைக் காம்பராவிலோ ஒரு கிடாரம் ஏற்றுங்கோ. ஆளுக்கு ஒரு பிடி கீரை, ஒரு சுண்டு அரிசி. தோட்டத்து மருத்துவமாதுவைக் கூப்பிடுங்கோ. விவசாயப் போதனாசிரியர் வந்தால் அவரை மேடையில் ஏற்ற வேண்டாம், கையில் கத்தியைக் கொடுத்துக் கீரை அரியச் சொல்லுங்கோ. நானே அப்படித்தான் படித்தேன். புது விதை கொண்டுவந்து தந்தால், “விளைச்சல் எவ்வளவு?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், அடுத்த முறை அதைக் கிடாரத்தில் போட்டு அவருக்கும் ஒரு தட்டுக் கொடுங்கோ. சூட்டோடு ஒரு தட்டு, ஆறின பிறகு ஒரு தட்டு. பெரியவர்கள் சொல்வதை ஒரு பிள்ளை கொப்பியில் எழுதட்டும். பத்தாம் வகுப்பில் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை என்றால் இன்னும் நல்லது. பெக்டின் என்றால் என்ன என்று பரீட்சைக்கு இனி மறக்காது.

சரி, அங்கே ஆச்சி கையைக் காட்டுகிறா. என்ன, வெந்துவிட்டதா? ... இல்லையாம். கோயிலடிக் கிணற்றில் தண்ணீர் எடுத்துவந்து வேறு பானையில் ஊற்றியிருக்கிறார்களாம். அது வெந்துவிட்டதாம், இது இன்னும் இல்லையாம்! இரண்டிலிருந்தும் ஒரு அகப்பை பருப்பு எடுத்துக்கொண்டு வாங்கோ பிள்ளையள், எல்லோரும் நசித்துப் பார்க்கட்டும். இலை போடுகிறவர்கள் போடலாம். தேசிக்காயை மறந்துவிடாதேங்கோ, அந்தச் சுளகில் வைத்திருக்கிறேன்.